நிற்கும்போதே நாற்பது

சென்னியப்பன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டால் மீதி உண்மையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் புதிதாகப் பழகியவர்கள். பழைய ஆட்கள் முழுசையும் தள்ளிவிட்டுத்தான் கேட்பார்கள். ஆனால் கேட்காமல் எழுந்து போனவர் என்று யாரும் கிடையாது.

அவர் தொழிலுக்கும் காருக்கும் சம்பந்தமில்லை. பொள்ளாச்சி ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கருகிப்போன கிணற்று மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால், செம்புக் கம்பியைச் சுற்றி உயிர் கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் கட்டிய காயில் வருஷக்கணக்கில் பேசாமல் ஓடும். அதைப் பற்றி மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. வாயைத் திறந்தால் கார்தான். உலகத்தின் எந்த மூலையில் எந்தக் கம்பெனி எந்தக் காரை விட்டாலும், அதில் என்ன கோளாறு என்று கம்பெனிக்காரனுக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கென்று ஒரு கார் இருந்தது. கதவு இரண்டே இரண்டு, பின்னால் இறக்கை மாதிரி ஒரு தகடு, ஒரு காலத்தில் சிவப்பு. யாரோ ரேஸ் ஓட்டியவரிடமிருந்து கைமாறிக் கைமாறி இவரிடம் வந்து சேர்ந்தது. வருஷத்தில் பெரும்பகுதி அது கடைக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும். மரத்தில் காக்காய்கள் குடித்தனம். அதனால் சிவப்பு இருந்த இடத்தையெல்லாம் வெள்ளை பிடித்துக்கொண்டது. பின் கண்ணாடி அழுக்கில் யாரோ விரலால் 'கழுவவும்' என்று எழுதியிருந்தார்கள். அதுவும் பழைய எழுத்து. அதன்மேலும் அழுக்குப் படிந்துவிட்டது.

ஆயுத பூஜையன்று காலையில் அந்தக் காரை அவர் வாட்டர் வாஷுக்குக் கொண்டுவந்தார் என்றால் அதற்குக் காரணம் சம்பந்தி.

மகள் கோகிலவாணிக்குச் சங்ககிரியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வையாபுரி லாரி முதலாளி. நிச்சயதார்த்தப் பந்தியில் சென்னியப்பன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இலை போட்டதிலிருந்து எடுக்கிற வரைக்கும் தன் ரேஸ் காரைப் பற்றிச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வையாபுரி "சரிங்க" என்றார். அவ்வளவுதான். சிரிக்கவில்லை, சந்தேகப்படவில்லை. சென்னியப்பனைத் திட்டியவர்கள் உண்டு, கையெடுத்துக் கும்பிட்டு ஓடியவர்கள் உண்டு. 'சரிங்க' என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்ட ஆளை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. தன் பெண் வாழப்போகிற வீட்டில் தன்னை வெட்டிப் பேச்சுக்காரன் என்று முடிவு கட்டிவிட்டார்களோ, அது அவள் தலையில் வந்து விடியுமோ என்று நிஜமாகவே பயந்தார்.

அந்த வையாபுரி இன்று குடும்பத்தோடு பூஜைக்கு வருகிறார். வந்து, ரேஸ் காருக்குத் தன் கையால் சந்தனம் வைக்கப் போகிறார்.

"அப்பா, வண்டியக் கழுவி மட்டும் கொண்டாங்க" என்று கோகிலா காலையிலேயே கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள். "வண்டி பளிச்சுன்னு இருந்தாப் போதும். கல்யாணம் முடியற வரைக்கும் நீங்க வாயத் தொறக்க வேண்டாம். எனக்காக இது ஒண்ணு பண்ணுங்கப்பா."

பண்ணுகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

பாப்பாத்தியின் வாட்டர் வாஷ் கொட்டகையில் விடிந்ததிலிருந்து ஒரே கூட்டம். வேலையாட்கள் பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டதால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாப்பாத்தியே ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கரைந்து இன்னும் இரண்டு வண்டிகள்தான் நின்றன. ஒன்று யானைக்குட்டி மாதிரி ஒரு கறுப்பு ஜெர்மன் கார். ஒரு மில் முதலாளியுடையது. அதன் டிரைவர் ஆல்பர்ட் வெள்ளைச் சட்டையில் அழுக்குப் படாமல் தள்ளி நின்றான். இன்னொன்று பல் டாக்டர் இளவேனிலுடைய எலெக்ட்ரிக் கார். சக்கரத்துக்கு மேலே கதவு வரைக்கும் செம்மண் சேறு. டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் போர்வெல் மோட்டார் கர்ரென்று ஒரு சத்தம் போட்டது. கருகின வாசனை வந்தது. நின்றுவிட்டது.

பாப்பாத்தி சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்ணா, நீங்க வந்தது சாமியே வந்தாப்பல. கொஞ்சம் என்னன்னு பாத்துக் குடுங்ணா."

"எப்படி அம்மிணி பாக்கறது? ஸ்பேனரு, பிளேயரு எல்லாம் நேத்துப் பொழுதோடயே கழுவிப் பொட்டு வெச்சு சாமிகிட்ட வெச்சாச்சு. நாளைக்கு எடுக்கற வரைக்கும் தொடப்படாதே."

அது பாப்பாத்திக்கும் தெரியும். அவளுடைய ஸ்பேனரும் சாமி படத்துக்கு முன்னால் குங்குமம் பூசிக்கொண்டு படுத்திருந்தது. ஆல்பர்ட்டின் டூல் பெட்டி மில் பூஜையில் இருந்தது. அன்றைக்கு அந்த ரோட்டில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

பாப்பாத்தி தொட்டியை எட்டிப் பார்த்தாள். "ஒரு வண்டிக்குத்தான் தண்ணி இருக்குது. மூணு பேரு நிக்கறீங்க. யாருக்கு ரொம்ப அவசியம்னு நீங்களே சொல்லுங்க, அவங்களுக்கு அடிச்சு உட்டுடறேன்."

வேறு யாராக இருந்தாலும், 'பொண்ணு கல்யாணம், சம்பந்தி வர்றாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். பாப்பாத்தியும் மறுபேச்சில்லாமல் ஹோஸை அந்தப் பக்கம் திருப்பியிருப்பாள். சென்னியப்பனுக்கும் அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் ஆல்பர்ட் முந்திக்கொண்டான்.

"அக்கா, எங்க மொதலாளி வண்டி சாதா வண்டி இல்லீங்க. பின் சீட்டுல உக்காந்தா அதுவே முதுகு அமுக்கி உடும். உள்ளயே குளிர்பெட்டி இருக்குது. கதவ லேசாச் சாத்துனாப் போதும், அதுவே இழுத்து மூடிக்கும். இந்த மாதிரி வண்டிய அழுக்கோட கொண்டுபோய் பூஜைல நிறுத்த முடியுங்களா?"

இதைக் கேட்டதும் சென்னியப்பனுக்குத் தொண்டைக்கு வந்த வார்த்தை திரும்ப இறங்கிவிட்டது. பாப்பாத்தி கேட்டது யாருக்கு அவசியம் என்று. அவர் காதில் அது யாருடைய வண்டி உசத்தி என்று போய் உட்கார்ந்துகொண்டது.

"முதுகு அமுக்குதா?" என்று அவர் இரக்கமாகக் கேட்டார். "தம்பி, அதையெல்லாம் வெளிய சொல்லாத. சொகுசு வண்டின்னு நெனைச்சு வாங்குன உங்க மொதலாளி மனசு கஷ்டப்படும்."

"ஏன், நீங்க இதவிடச் சொகுசு வண்டி பாத்திருக்கீங்களா?"

"பாத்ததா? ஓட்டியிருக்கேன். மூட்டு ஆபரேசனுக்கு ஒரு அரபு ஷேக் கோயமுத்தூர் வந்திருந்தாரு. கூடவே கப்பல்ல அவரு வண்டி வந்துச்சு. ஓட்டறதுக்கு உலகம் பூரா ஆள் தேடி, கடைசில என் கடை வாசல்ல வந்து நின்னாங்க. அந்த வண்டி எத்தனை நீளம்ங்கற? முன் பம்பர் உக்கடத்துல நிக்குது, டிக்கி கிணத்துக்கடவுல இருக்குது."

ஆல்பர்ட் வாயைப் பொத்திக்கொண்டான். பாப்பாத்தி ஹோஸைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல ரெண்டு பஸ் ஸ்டாப்பு. எனக்கு மழை பேயுது, வைப்பர் போடறேன். ஷேக்கு பின்னாடி வெயில் தாங்கலேன்னு போன் பண்றாரு. புது வண்டியாச்சே, பூஜை போடாம எடுக்கலாமா? சந்தனம், குங்குமம், டயருக்கு அடில எலுமிச்சம்பழம் எல்லாம் நம்ம முறைப்படி வெச்சு எடுத்தேன். முன் டயர்ல பழம் நசுங்குச்சு. வண்டி போகுது, போகுது, போயிட்டே இருக்குது. அந்தப் பழத்து மேல பின் டயர் வந்து ஏர்றதுக்குள்ள, அது முளைச்சு, செடியாகி, காய் புடிச்சிருச்சு. பின் டயர்ல நசுங்குனது அந்தச் செடில உளுந்த பழம்."

"அவ்வளவு நீள வண்டி எப்படிங்ணா திரும்பும்?" என்று ஆல்பர்ட் மடக்கினான்.

"அது எதுக்குத் திரும்போணும்? டிக்கி எப்பவும் கெளம்புன எடத்துலயேதானப்பா இருக்குது! ஓட்டவே வேண்டியதில்ல. கிணத்துக்கடவுல பின்னாடி ஏறி, உள்ளயே நடந்து, முன்னாடி எறங்குனா உக்கடம் வந்துரும். நான் சும்மா ஸ்டீயரிங்கப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன், ஷேக்குக்குக் கௌரவமா இருக்கட்டும்னு."

பாப்பாத்தி சிரித்தே விட்டாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஒரு ஆள் சிரித்துவிட்டால் சென்னியப்பனுக்கு வீடு, வாசல், சம்பந்தி எதுவும் ஞாபகம் இருக்காது. எதிரில் இருக்கிற மற்ற முகங்களும் சிரிக்கிற வரைக்கும் அவருக்குச் சோறு இறங்காது. அங்கே சிரிக்காத முகம் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

டாக்டரம்மா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அக்கா, எனக்குக் கதையெல்லாம் சொல்லத் தெரியாது. கிளினிக்ல பூஜை வெச்சிருக்கேன். வண்டி பூரா சேறு, நீங்களே பாருங்க. எலெக்ட்ரிக் வண்டிங்கறதுனால தண்ணியும் பாத்துத்தான் அடிக்கணும், அதான் உங்ககிட்ட வந்தேன்."

"எலெக்ட்ரிக்!" என்றார் சென்னியப்பன், யாரோ செத்துப்போன சேதி கேட்ட மாதிரி.

"ஏன், அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. நான் அதக் குத்தம் சொல்ல மாட்டேன். அது காரில்லைன்னு மட்டும்தான் சொல்லுவேன். செல்போனுக்கு நாலு டயர் மாட்டியிருக்காங்க, அவ்வளவுதான். மிக்ஸிகூட நான் ஓடறேன்னு சத்தம் போட்டுச் சொல்லுது. இது கமுக்கமா வந்து பின்னாடி நிக்குது, திருட்டுப் பூனையாட்ட."

"சத்தம் இல்லாததுதாங்க அதோட அழகே. அப்பறம் நான் பிரேக் பிடிச்சா, அந்த வேகம் வீணாப் போகாம திரும்பக் கரண்டாகி பேட்டரிக்கே போயிடும். உங்க வண்டி பண்ணுமா?"

சென்னியப்பன் அவளுக்கு எதிரே இருந்த பெஞ்சில் வந்து வசதியாக உட்கார்ந்தார். "நீங்க கேட்டதுனால சொல்றேன். உலகத்துல நெசமான எலெக்ட்ரிக் வண்டின்னு ஒண்ணுதான் இருந்துச்சு. அதக் கட்டுனது நானு. ஒரு பழைய அம்பாசடர்ல கிணத்து மோட்டார ஏத்தி என் கையால காயில் சுத்துனேன். சத்தம் இல்லைன்னா உங்க வண்டி மாதிரி அரைகுறை இல்ல. பக்கத்துல இருக்கறவங்க சத்தத்தையும் சேத்து இழுத்துக்கும். ஒரு கல்யாண ஊர்வலத்துக்குள்ள பூந்து போனேன். தவில்காரரு அடி அடின்னு அடிக்கறாரு, ஒரு பொட்டுச் சத்தம் வரல. மனுசன் தவிலு கிழிஞ்சு போச்சுன்னு நெனைச்சு நடு ரோட்டுல உக்காந்து அழுகறாரு. அழுகற சத்தமும் கேக்கல."

"அந்த வண்டி இப்ப எங்கிருக்குதுங்ணா? ஊட்டுல ஒண்ணு இருந்தாத் தேவலை" என்றாள் பாப்பாத்தி.

"கேளு அம்மிணி. எங்கூட்டுக்காரி முன்சீட்டுல உக்காந்து, உடுமலைல இருந்து பல்லடம் வரைக்கும் என்னத் திட்டீட்டே வந்தா. வாய் அசையுது, கை ஆடுது, ஒரு வார்த்தை கேக்கல. என் ஆயுசுல அப்படியொரு பயணம் வாச்சதில்ல. ஊடு வந்தும் எனக்கு எறங்க மனசில்ல, இன்னொரு ரவுண்டு போலாம் வான்னு கூப்புட்டேன். அதுவும் அவளுக்குக் கேக்கல."

டாக்டரம்மாவின் உதட்டோரம் லேசாக ஆடியது. அவள் அடக்கிக்கொண்டாள். "பேட்டரி எப்படி?"

"அங்கதான் நான் ஏமாந்தேன். பிரேக் புடிச்சாச் சார்ஜ் ஏறும்னு சொன்னீங்கல்ல? நான் தெரியாத்தனமா சாயங்காலம் ஆபீஸ் உடற நேரத்துல அவினாசி ரோட்டுல போயிட்டேன். அந்த டிராபிக்ல பிரேக் புடிக்காம போக முடியுமா? புடிக்கப் புடிக்க ஏறுது. நூறு பர்சென்ட்டாச்சு, நூத்தம்பதாச்சு, முன்னூறாச்சு."

"பேட்டரி நூறுக்கு மேல ஏறாதுங்களே."

"உங்குளுது ஏறாது. என்னுது ஏறி, ரொம்பி, ரோட்டுல வழிய ஆரம்பிச்சிருச்சு. வழிஞ்ச கரண்ட மிதிச்ச நாய்க்குக் கண்ணு ரெண்டும் டார்ச் லைட்டாட்ட எரியுது. சிக்னல்ல செகப்பு, மஞ்சள், பச்சை மூணும் ஒண்ணா எரிஞ்சுது. போறவங்க நிக்கறதா, போறதான்னு தெரியாம அங்கயே வண்டியச் சுத்தறாங்க. கரண்ட் ஆபீஸ்காரங்க வந்து காலப் புடிச்சுட்டாங்க. 'அண்ணா, எங்க ஒயரெல்லாம் பின்னாடி ஓடுது, கொஞ்சம் நிப்பாட்டுங்க'ன்னாங்க. பாவம், பொழைக்க வந்தவங்கன்னு வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டேன்."

ஆல்பர்ட் கைதட்டினான். முதலாளி வண்டிக்குத் தண்ணீர் கேட்க வந்ததையே அவன் மறந்துவிட்டான் போலிருந்தது. "சரிங்ணா, சொகுசு வண்டியும் சரியில்ல, எலெக்ட்ரிக்கும் சரியில்ல. அப்ப எதுதான் வண்டி?"

சென்னியப்பன் மெதுவாகக் கையை நீட்டித் தன்னுடைய காரைக் காட்டினார். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கும்போதே வைப்பர் ஒன்று தானாகக் கழன்று கீழே தொங்கியது.

"ஓடுமுங்களா?" என்று பாப்பாத்தி கேட்டாள்.

"ஓடுமாவா! அம்மிணி, வேகம்னா என்னன்னு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. தம்பி, உன் வண்டி சைபர்ல இருந்து நூறுக்கு எத்தனை செகண்டுல போகும்?"

"அஞ்சு செகண்டுங்க" என்றான் ஆல்பர்ட் பெருமையாக.

"டாக்டரம்மா?"

"ஏழெட்டு ஆகும்."

"பாத்தீங்களா? உங்க ரெண்டு பேருக்கும் சைபர்ன்னு ஒண்ணு இருக்குது. என் வண்டில சைபரே கெடையாது. கம்பெனிக்காரன் போட்ட மீட்டரு தாங்காதுன்னு, நாப்பதுல இருந்து ஆரம்பிக்கற மீட்டரா மாத்தி வெச்சிருக்கேன். நிக்கறப்பவே நாப்பதுல நிக்கும். இப்பக்கூட அது நிக்குதுன்னு நெனைக்கறீங்க. இல்ல, அடக்கிட்டு இருக்குது."

"அடக்கிட்டு இருக்குதாம்" என்று பாப்பாத்தி ஆல்பர்ட்டிடம் சொன்னாள்.

"ஒரு கிருத்திகைக்குப் பழனி போனேன். கெளம்பறப்ப ஹாரன் அடிச்சேன். அந்தச் சத்தம் உடுமலை தாண்டி என்னைத் தேடீட்டு வருது, நான் பழனில சாமி கும்புட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிட்டுத் திரும்பறேன். நடுவுல என் நிழலப் பாத்தேன். அது பொள்ளாச்சில டீ குடிச்சுட்டு இருந்துச்சு. வேகமாப் போறவங்களப் படம் புடிக்கற கேமரா இருக்குதுல்ல, அதுல என் வண்டி உளுகவே இல்ல. ரோட்டோரம் நின்ன, தலைமுடியெல்லாம் ஒருபக்கமாப் பறக்கற நாலு பேரு மூஞ்சி மட்டும்தான் உளுந்திருந்துச்சு. ஊடு வந்து சேந்து உள்ள போறேன், அங்க நான் இன்னும் கெளம்பாம கண்ணாடி முன்னாடி நின்னு சட்டை மாட்டீட்டு இருக்கேன்."

"யாரு?"

"நாந்தான். 'எங்கப்பா கெளம்பிட்ட?'ன்னேன். 'பழனிக்கு'ன்னேன். 'இன்னிக்குக் கூட்டமா இருக்குது, போகாத'ன்னேன். சரின்னு சட்டையக் கழட்டிட்டேன். அதனாலதான் அந்தக் கிருத்திகைக்கு நான் பழனி போகவே இல்ல. பஞ்சாமிர்தம் மட்டும் ஊட்டுல இருக்குது."

பாப்பாத்தி தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆல்பர்ட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரம்மா மட்டும் எழுந்துபோய் சென்னியப்பனின் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். பல்லில் எங்கே வலி என்று தட்டிப் பார்க்கிறவள் அவள்.

"நிக்கறப்பவே நாப்பதுன்னு சொன்னீங்க. அப்பறம் எப்படிங்க மேல பூரா காக்கா எச்சம்? நாப்பதுல போற வண்டி மேல காக்கா எப்படி உக்காரும்?"

ஆல்பர்ட் "ஆகா" என்றான். சென்னியப்பன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"எச்சமா? அது எச்சம்னு உங்களுக்கு யாரு சொன்னது? ரோட்டுக்கு நடுவுல வெள்ளைக் கோடு போட்டிருக்காங்கல்ல? நான் போற வேகத்துல அது தானாப் பேந்து பின்னாடியே பறந்து வந்து ஒட்டிக்கிச்சு. பல்லடம் ரோட்டுல போய்ப் பாருங்க, கோடே இருக்காது. பூரா என் வண்டி மேலதான் இருக்குது."

"ஓ. பெயிண்ட்டா?" என்றாள் டாக்டரம்மா. குரலில் நல்ல மரியாதை. "அப்ப மழை பெஞ்சாக்கூடப் போகாதுங்களே."

"மழையா?" சென்னியப்பன் எழுந்தே நின்றுவிட்டார். இப்படி ஒரு கேள்வியை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினால் அவர்தான் என்ன செய்வார்? "டாக்டரம்மா, மழைத் தண்ணி இந்த வண்டி மேல பட்டதே இல்ல. ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் நடுவுல சந்து இருக்குதுல்ல, அதுல பூந்து பூந்து போயிரும். போன ஐப்பசில வால்பாறை ரோட்டுல கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. நான் கண்ணாடிய எறக்கி உட்டுட்டு, கைய வெளிய நீட்டிட்டுப் போறேன். ஒரு சொட்டுப் படல. மழையே இல்ல, ஆறே குறுக்க வந்தாலும் தண்ணிக்கு இந்த வண்டியத் தொடறதுக்கு நேரம் பத்தாது. இந்தப் பொறப்புல இந்த வண்டி மேல தண்ணி படாது. யாரு நெனைச்சாலும் படவெக்க முடியாது!"

கையை ஓங்கி முடித்துவிட்டு, கைதட்டலுக்காக மூன்று முகங்களையும் பார்த்தார். டாக்டரம்மா இப்போதுதான் முதல்முறையாக நன்றாகச் சிரித்தாள்.

பாப்பாத்தி குனிந்து ஹோஸை எடுத்தாள். "ஏனுங்ணா, தண்ணியே படாத வண்டிக்கு நான் எதுக்குங் தண்ணி அடிக்கறது? கொஞ்சம் ஓரமா எடுத்து உடுங்க. நீங்க வாங்க டாக்டரம்மா."

ஹோஸ் சீறியது. எலெக்ட்ரிக் காரின் சேறு கரைந்து, சிவப்பாக ஓடி, சென்னியப்பனின் செருப்பைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குப் போனது. அவருக்கு அப்போதுதான் காலையில் கோகிலா பிடித்த கை ஞாபகம் வந்தது. தன் வாயைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரு வாய்த் தண்ணீர் அளவுக்குச் சின்னதாக ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது. இந்தக் காக்காய் எச்சத்தில் வையாபுரி எந்த இடத்தில் சந்தனம் வைப்பார்? வைக்காமல் 'சரிங்க' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனால் பெண் முகத்தில் எப்படி முழிப்பது?

சட்டைப் பையில் போன் அடித்தது. கோகிலாதான்.

"அப்பா, சந்தனம் கரைச்சுட்டு இருக்கேன், கையெல்லாம் சந்தனம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்" என்று அவள் 'ஸ்பீக்கர்' என்ற வார்த்தையை நன்றாக அழுத்திச் சொன்னாள். "மாமாவும் அத்தையும் முன்னாடியே வந்துட்டாங்க. பக்கத்துலதான் இருக்காங்க."

"ஏங்கண்ணு, கேசரி பிரமாதமா இருக்குது. நீயேவா கிண்டுன?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் குரல் கேட்டது. வையாபுரியின் சம்சாரம்.

"ஆமாங்கத்தை. அப்பா, வண்டி கழுவியாச்சுங்களா?"

கேசரியைக் காலையில் மெஸ்ஸிலிருந்து வாங்கிக்கொண்டுபோய்ப் பாத்திரத்தில் மாற்றிக் கொடுத்தவரே சென்னியப்பன்தான். ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற நிலைமையில் அவர் இல்லை. 'கழுவலை கண்ணு' என்று சொல்ல இரண்டே வார்த்தை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய் பழகின பாதையிலேயே போய்விட்டது.

"கழுவியாச்சு கண்ணு. கழுவுனதுதான் தப்பாப் போச்சு. வண்டி பளபளங்குது பாரு, எதுக்கால வர்ற பஸ்காரங்க எல்லாம் கண்ணு கூசி, பஸ்ஸ நிறுத்திப்போட்டு கூலிங் கிளாஸ் வாங்கப் போயிட்டாங்க. டிராபிக் போலீஸ்காரரு ஓடியாந்து கையெடுத்துக் கும்புடறாரு. 'அண்ணா, ஜனங்க கண்ணு போயிரும், எப்படியாச்சும் கொஞ்சம் அழுக்குப் பண்ணிக் கொண்டு போங்க'ங்கறாரு. வேற வழியில்லாம நல்ல காக்காயா நாலஞ்சக் கூப்புட்டு..."

சொல்லச் சொல்லவே குரல் இறங்கிப் போய் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் கட்டியதாகச் சொன்ன எலெக்ட்ரிக் வண்டிக்குள் போன் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பாப்பாத்திகூட ஹோஸை அடக்கிவிட்டு இவரையே பார்த்தாள்.

பிறகு ஒரு கரகரத்த குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"சம்பந்தி, உங்குள போலீஸ்காரரு கும்புட்டதோட உட்டுட்டாரா? நீங்க குடுத்து வெச்சவங்க." வையாபுரியேதான். "போன ஆயுத பூஜைக்கு நான் என் லாரியக் கழுவி மலை அடிவாரத்துல நிறுத்துனேனுங்க. அந்த வெளிச்சத்துல சங்ககிரில ஒரு வாரம் பொழுதே எறங்கல. சேவலுக எல்லாம் எப்ப விடிஞ்சுதுன்னு தெரியாம கூவிக் கூவித் தொண்டை கட்டிப் போய், அதுகளுக்குத் தனியா ஆஸ்பத்திரி போட்டாங்க. ராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டியவங்க இன்னும் ஊட்டுலயே உக்காந்திருக்காங்க, ராத்திரி வரட்டும்னு! கடைசில லாரிய மூடறதுக்குத் தார்ப்பாய் போட்டேன். தார்ப்பாயும் மின்ன ஆரம்பிச்சிருச்சுங்க..."

"போதும் நிறுத்துங்க!" என்று அந்த அம்மாள் குரல் பாய்ந்தது. "கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சாமி முன்னாடி சத்தியம் பண்ணுனீங்களா இல்லையா? நிச்சயத்தன்னிக்குப் பந்தில உங்க தொடையக் கிள்ளிக் கிள்ளி என் நகமே தேஞ்சு போச்சு. எத்தனை நாளைக்குத்தான் நானும் காவல் காக்கறது?"

"சம்பந்தி ஆரம்பிச்சாரு, அதான்..." என்று வையாபுரி முனகினார்.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இந்த மனுஷனுக்கா பயந்து செத்தோம் என்று நினைத்தார். கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல ஒரு சந்தோஷம். அதே சமயம் சேவலுக்கு ஆஸ்பத்திரியா, இவரை இப்படியே விட்டுவிடக் கூடாது என்று நாக்கு நமநமவென்றது. "சம்பந்தி, அந்தச் சேவலுக்கு ஊசி போட்ட டாக்டரு..." என்று தொடங்கினார்.

அந்த அம்மாள் அதற்கு மேல் விடவில்லை.

"ஏங்கண்ணு கோகிலா, இந்தப் பக்கம் இவுரு, அந்தப் பக்கம் உங்கப்பா. ரெண்டுக்கும் நடுவுல நான் காலம் தள்ளோணும். நீயாச்சும் நெசம் பேசுவியா சாமி?"



"நானுங்களா அத்தை?" என்றது கோகிலாவின் குரல், பால் மாதிரி. "எனக்குப் பொய்ன்னா என்னன்னே தெரியாதுங்க. பொறந்ததுல இருந்து ஒண்ணுகூடச் சொன்னதில்லீங்க. இன்னொரு கரண்டி கேசரி வெக்கட்டுங்களா?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். பிறகு போனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூடிக்கொண்டார்.